நடுக்குரல்

பலெர்மோவில் தமிழர் நாலு பேர் கூடினால் அங்கே சுவாம்பிள்ளையின் இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்ப் பொக்ஸ்களும் வந்து நின்றுவிடும். முதல்நன்மை, சாமத்தியவீடு, ஒளிவிழா, பிறந்தநாள், ஊரில் செத்தவருக்கு இங்கே வைக்கிற நினைவுப் பூசை என்று எதுவானாலும் சவுண்ட் அவருடையதுதான். மண்டபத்தின் பின்பக்கம் மேசையைப் போட்டு, அதில் மிக்சரை வைத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தால் நீதவான் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களுக்கும் அப்படி, அவருக்கும் அப்படித்தான்.

வழக்குகளும் அவரிடம் வரும். மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடும்போது, தன் பிள்ளையின் சத்தம் மட்டும் குறைவாகக் கேட்கிறது என்று ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் தோன்றும். ஒருவர் பின் ஒருவராக எழும்பி, குனிந்தபடி சுவரோரமாக நடந்து வந்து, "அண்ணை, அந்த மூண்டாவது மைக் என்ர மகன்ர. ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். சிலர் பேப்பர்த் தட்டில் இரண்டு றோல்ஸோடு வருவார்கள். சுவாம்பிள்ளை றோல்ஸைச் சாப்பிடுவார். மிக்சரில் மைக்குக்கு ஒன்றாகக் குமிழ் இருக்கிறது. மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். அதில் மட்டும் கை வைக்கமாட்டார். "எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரே அளவு" என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்.

இதனால் அவருக்கு மரியாதையும் இருந்தது, பகையும் இருந்தது. பகையில் முதலாம் இடம் அகஸ்ரினுக்கு. அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறவர். ஒரு நத்தார் கரோல் போட்டியன்று அவருடைய மகளுக்குத் தடிமன், தொண்டை கட்டியிருந்தது. குமிழை ஒரு விரற்கடை ஏற்றிவிடும்படி அகஸ்ரின் கெஞ்சிக்கூடப் பார்த்தார். சுவாம்பிள்ளை அசையவில்லை. பிள்ளை தோற்று, அழுது, அன்றோடு பாட்டையே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் அகஸ்ரின் அவருக்குக் கை கொடுப்பார், அதுவும் விரல் நுனியால்.

சுவாம்பிள்ளைக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நியாயமாக நடந்தால் நாலு பேர் முகத்தைத் திருப்பத்தான் செய்வார்கள் என்று நினைக்கிற ஆள். அவருக்கும் பாடுகிற பிள்ளை ஒன்று இருந்தது. ஒரே பிள்ளை, ஸ்ரெல்லா. அவளுடைய குமிழையும் அவர் ஒருநாளும் ஏற்றியதில்லை என்று சொல்லிப் பெருமைப்படுவார். ஏற்ற வேண்டிய தேவை வந்ததே இல்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார். ஸ்ரெல்லா வாயைத் திறந்தால் மைக் இல்லாமலே கோயிலின் கடைசி வாங்கில் தூங்குகிறவர் எழும்பிவிடுவார்.

அந்த ஸ்ரெல்லா பலெர்மோவிலேயே இசைக்கல்லூரியில் படித்தாள். இத்தாலியப் பாஸ்போட் கிடைத்ததும் டப்ளினுக்குப் போனாள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரங்களில் இரண்டு ஐரிஷ் பெண்களோடு சேர்ந்து பாட்டு. வாத்தியம் ஒன்றும் கிடையாது, மூன்று குரல் மட்டும்தான். ஒப்பேராவில் நெஞ்சு வெடிக்கப் பாடுகிற பாட்டு, வானொலியில் போகிற காதல் பாட்டு, அயர்லாந்தில் பிள்ளையை உறங்கவைக்கிற பாட்டு, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டித் தருவார்கள். குழுவுக்கு ஐரிஷ் மொழியில் ஒரு பெயர் இருந்தது. அதை எழுதியிருக்கிறபடி யாரும் உச்சரிப்பதில்லை என்று தெரிந்ததும் சுவாம்பிள்ளை அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டு, 'அயர்லாந்துப் பிள்ளையள்' என்று சொல்லத் தொடங்கினார். பிள்ளைகளில் மூத்தவளான மேவ்வுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

குழுவைத் தொடங்கியவள் மேவ். மேல்குரல் அவளுடையது. கீழ்க்குரல் ஓர்லா, இத்தாலியில் சிலகாலம் ஒப்பேரா படித்தவள், இத்தாலியன் நன்றாகக் கதைப்பாள். நடுக்குரல் பாடியவள் போன வருடம் குழுவை விட்டுப் போய்விட்டாள். அந்த இடத்துக்குத்தான் ஸ்ரெல்லா. ஆனால் இன்னும் நிரந்தரம் இல்லை. சிசிலிப் பயணம் முடியட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்று மேவ் சொல்லியிருந்தாள். ஸ்ரெல்லா இதைத் தொலைபேசியில் தாயிடம் சொல்ல, தாய் கிளறா இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் புருசனுக்குப் பரிமாறினாள்.

"இது சரிவந்தால் அவள் மற்ற வேலையை விட்டிடுவாளாம். பாட்டே வேலையாம்," என்றாள் கிளறா. "சரிவராட்டி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லையாம். பிள்ளைக்கு நித்திரையே இல்லை."

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? அவளின்ர குரலைக் கேட்டால் காணாதே?" என்றார் சுவாம்பிள்ளை.

"அதைத்தான் நானும் சொன்னனான்," என்றாள் கிளறா.

ஸ்ஃபெர்ராகவால்லோப் பக்கம் ஒரு பணக்காரக் கல்யாணத்தில் பாடத்தான் மூவரும் வந்திருந்தார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம், போர்கோ வெக்கியோவில் தமிழர் பூசை நடக்கிற கோயிலின் உள்முற்றத்தில் ஒரு கச்சேரி வைக்கலாம் என்று ஸ்ரெல்லா பாதரோடு கதைத்து ஒழுங்கு செய்தாள். சவுண்ட் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஒத்திகை. மற்ற இரண்டு பேரையும் பாடவிட்டு, மேவ் கையைக் கட்டிக்கொண்டு முற்றத்தை மெதுவாகச் சுற்றி நடந்தாள். மூலைகளில் நின்று கேட்டாள், சுவரில் காது வைக்காத குறை. பிறகு மிக்சருக்கு வந்து மூன்று குமிழ்களையும் தானே நகர்த்தி, பக்கத்தில் வெள்ளை ரேப் ஒட்டி, பேனையால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள்.

"அப்பா, கச்சேரி முடியுமட்டும் மூண்டும் இந்தக் கோட்டில நிக்கவேணுமாம். ஒருத்தரும் தொடக்கூடாதாம்," என்றாள் ஸ்ரெல்லா.

"நான் எப்ப பிள்ளை தொட்டனான்?"

"உங்களைப் பற்றித் தெரியும். அவ எல்லா ஊரிலயும் இப்பிடித்தான் சொல்லுறவ."

தன்னுடைய மேசையில் வேறொருத்தி கோடு போட்டது சுவாம்பிள்ளைக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் ஒரே அளவு என்பது அவருடைய கொள்கை ஆயிற்றே, தலையாட்டினார். மூவரும் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடிப் பார்த்தார்கள். மேவ்வின் குரல் மேலே போவது தெரிந்தது. ஓர்லாவின் குரல் அடியில் உருள்வது தெரிந்தது. மகளின் வாய் அசைவதும் தெரிந்தது, ஆனால் குரல் வரவில்லை. அவர் ஹெட்ஃபோனைப் போட்டு அவளுடைய மைக்கை மட்டும் தனியாகக் கேட்டார். அதில் அவள் இருந்தாள், சுத்தமாக, ஒரு சுருதி விலகாமல். ஹெட்ஃபோனைக் கழற்றினார். மறுபடியும் அவளைக் காணவில்லை.

ஒத்திகை முடிந்து அவள் தண்ணீர்ப் போத்தலோடு வந்தபோது கேட்டார். "பிள்ளை, உன்ர குரல் எங்கை?"

"உள்ளுக்க இருக்கு அப்பா."

"எனக்குக் கேக்கேல்ல."

ஸ்ரெல்லா சிரித்தாள். "கேக்காட்டித்தான் நான் வடிவாப் பாடுறன் எண்டு அர்த்தம்." அவளுக்குச் சட்டை மினுக்குகிற வேலை இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

இவள் இதை வேறு எந்தத் தகப்பனிடம் சொல்லியிருந்தாலும் அவன் தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருப்பான். சுவாம்பிள்ளை பலெர்மோவுக்கு வந்த காலம் தொட்டு ஒரு வக்கீல் வீட்டில் வேலை செய்கிறவர். வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே வக்கீலின் மனைவி, சினோரா, வீட்டின் ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்தாள். றப்பர் அடிபோட்ட சப்பாத்து. கதவைச் சாத்தும்போது கைப்பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சாத்துவது. கோப்பை கழுவும்போது தண்ணீரை மெல்லியதாகத் திறப்பது. ஆட்கள் வந்திருந்தால் குசினி வாசலால் வருவது. கெட்ட மனுசி என்று சொல்ல முடியாது. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் பேப்பர் வேண்டுமென்றால் கேட்ட அன்றே கையெழுத்து வைத்துக் கொடுப்பாள். வருகிற சிநேகிதிகளிடம் அவரைப் புகழவும் செய்வாள். சுவாம்பிள்ளை வீட்டில் நிற்பதே தெரியாது என்பாள். அதைக் கேட்டு அவர் சிரிப்பார், சிரிக்கத்தானே வேண்டும். வீட்டுக்கு வந்தால் குளியலறைக்குள் ஸ்ரெல்லா தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார்கள். கிளறா ஏசப் போனால் அவர் மறிப்பார். "கத்தட்டும் விடு. இந்தக் குடும்பத்தில ஒராளாவது கத்தட்டும்" என்பார்.

இப்போது அந்தப் பிள்ளை, தான் நிற்பதே தெரியாமல் நிற்பதுதான் திறமை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. வெள்ளை ரேப்பில் கோடு போட்டவள்தான். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, இடையில் வேலைக்காரியாகத் தன் மகள். பிறகு அவளையே தராசில் வைத்துப் பார்த்து, வைத்திருக்கலாமா அனுப்பலாமா என்று முடிவு செய்வார்களாம். கேட்காத குரலை எதைக் கொண்டு நிறுப்பார்கள்? சுவாம்பிள்ளைக்கு நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்போடுதான் வெயில் சாய்ந்தபின் மேசையில் போய் உட்கார்ந்தார்.

முற்றம் நிறைந்துவிட்டது. சேலை கட்டிய பெண்கள் முன் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். நகரின் மறுபக்கம் ஒரேத்தோவிலிருந்து சைவக்காரரும் வந்திருந்தார்கள். பாட்டுக்குக் கோயில் எது என்று யார் பார்க்கிறார்கள். சுற்றியிருந்த வீட்டுப் பல்கனிகளில் இத்தாலியர்கள் கை ஊன்றி நின்றார்கள். மேவ், ஸ்ரெல்லா, ஓர்லா என்று அந்த ஒழுங்கில் மூவரும் கரும்பச்சைச் சட்டையில் வந்து நின்றதும் கைத்தொலைபேசிகள் எல்லாம் எழும்பின. பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் பாட்டுக்கு ஒரு பல்கனியில் அழுகைகூட வந்தது.

நாலாம் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி சுவாம்பிள்ளையின் பக்கம் சரிந்தாள். "அண்ணை, ஸ்ரெல்லா எப்ப பாடுவா?" என்று கேட்டாள்.

அவள் பகிடி பண்ணவில்லை. உண்மையாகவே கேட்டாள். சுவாம்பிள்ளை கண்ணாடியைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து, சுவரோரமாகக் குனிந்தபடி ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். எத்தனையோ தகப்பன்மார் அப்படி வந்திருக்கிறார்கள். இந்த முறை வந்தது அகஸ்ரின்.

"மகளின்ர மைக் வேலை செய்யுதோ?" என்றார் அகஸ்ரின். "எனக்குத்தான் காது பிழையோ தெரியாது. பிள்ளையின்ர சத்தம் ஒண்டும் வரேல்ல."

"வேலை செய்யுது," என்றார் சுவாம்பிள்ளை.

"அப்ப சரி." அகஸ்ரின் கொஞ்ச நேரம் நின்று மிக்சரைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போனார்.

அடுத்தது தாலாட்டு. ஐரிஷ் மொழியில் மெதுவாகத் தொடங்கியது. மேவ் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முற்றம் முழுக்க அவளையே பார்த்தது. சுவாம்பிள்ளையின் விரல் நடுக்குமிழில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவருக்கே தெரியாது என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தெரியும். ஒரு விரற்கடை மேலே தள்ளினார்.

ஸ்ரெல்லாவின் குரல் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற ஆள் கூடத்துக்குள் வந்த மாதிரி வந்தது. தலைகள் நிமிர்ந்தன. கேள்வி கேட்ட பெண் "ஆ" என்று திரும்பிப் பார்த்தாள். முன் வரிசையில் கிளறா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நீதவான் வாழ்க்கையில் முதல் தடவையாக லஞ்சம் வாங்கினார், அதுவும் தன் கையாலேயே. அவருக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. கண்கள்கூட நனைந்தன.

மேடையில் பாடுகிறவர்களுக்கும் கேட்கும்படி முன்னால் ஒரு சின்னப் பொக்ஸ் இருந்தது. தன் குரல் மற்ற இரண்டையும் மிதித்துக்கொண்டு ஏறியதை ஸ்ரெல்லா உடனே கேட்டாள். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. பாடிக்கொண்டே அரை அடி பின்னால் போனாள். குரல் தணிந்தது. பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று சுவாம்பிள்ளை நினைத்தார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள். அவர் ஏற்ற, அவள் விலக, தகப்பனும் மகளும் இப்படி இழுபறிப்பட்டது அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. வெள்ளை ரேப்பில் இருந்த கோடு குமிழுக்கு எங்கோ கீழே கிடந்தது. கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளினார். பொக்ஸ்கள் இரண்டும் கூவென்று கத்தின. மடியில் கிடந்த ஒரு குழந்தை வீரிட்டது.

ஸ்ரெல்லா கையை நீட்டித் தன் மைக்கின் சுவிட்சை அணைத்தாள். பாட்டை விடவில்லை. மைக்கைச் சுற்றிக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்து நின்று பாடினாள். மேவ் ஒருகணம் அவளைப் பார்த்தாள், பிறகு தானும் மைக்கை விட்டு முன்னுக்கு வந்தாள். ஓர்லாவும் வந்தாள். மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்று வெறும் வாயால் பாடினார்கள். கேட்கவேண்டுமென்றால் முற்றம் அடங்கவேண்டும், அடங்கியது. தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். மேலே ஒரு குசினியில் கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது. சுவாம்பிள்ளை நடுக்குமிழை மேலே தள்ளினார், கீழே இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. இதுவும் கச்சேரியில் ஒரு அங்கம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். மிச்சப் பாட்டுகளையும் மூவரும் அப்படியே பாடி முடித்தார்கள். மேசையில் இருந்தவருக்கு அதற்குப் பிறகு வேலை இருக்கவில்லை.

முடிந்தபின் பாதரின் கூடத்தில் தேநீர். வழக்கம்போல றோல்ஸ், பற்றிஸ், கேக். ஸ்ரெல்லாவைக் கட்டிப்பிடிக்கவும் படம் எடுக்கவும் ஆட்கள் முண்டியடித்தார்கள். மேவ் மட்டும் உடனே வரவில்லை. அவள் முற்றத்துக்குப் போய், மிக்சருக்கு முன்னால் நின்று, ரேப்பையும் குமிழையும் பார்த்துவிட்டு வந்தாள். வந்து ஸ்ரெல்லாவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டாள். ஸ்ரெல்லா இல்லை என்று தலையாட்டினாள். மேவ் இன்னொன்று கேட்டாள். அதற்கு ஸ்ரெல்லா பதில் சொல்லாமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளின் முகத்தை அப்படி வெளிறிப்போய் அவர் கண்டதில்லை.

சுவாம்பிள்ளை ஓர்லாவிடம் போனார். என்ன கேட்கிறாள் என்று இத்தாலியனில் கேட்டார்.

ஓர்லா சொல்லலாமா விடலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். முன்பு நடுக்குரல் பாடியவள், போகிற ஊரிலெல்லாம் சவுண்ட்காரரை இரகசியமாகப் பிடித்துத் தன் குரலை ஏற்றச் சொல்லிவந்தாளாம். அதற்காகத்தான் அவளை நிறுத்தினார்களாம். ஸ்ரெல்லாவும் தகப்பனிடம் அப்படிக் கேட்டாளா என்று மேவ் கேட்கிறாள். இல்லை என்கிறாள் பிள்ளை. அப்படியானால் ஏற்றியது யார் என்றால் வாய் திறக்கிறாள் இல்லை. கேட்டதாகத் தெரிந்தால் கல்யாணத்தோடு சரி, பிறகு ஸ்ரெல்லா இல்லை.

பக்கத்தில் நின்ற கிளறாவுக்கும் இத்தாலியன் விளங்கும். அவள் அவருடைய கையைப் பிடித்தாள். "மிக்சர் பழுது எண்டு சொல்லுங்கோ, இஞ்சருங்கோ. பழைய சாமான்தானே."

அவரும் அதை நினைக்காமல் இல்லை. ஆனால் மேவ் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பழுதான மிக்சர் தன் குமிழைத் தானே உச்சிக்குத் தள்ளிக்கொள்ளாது. மகள் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்பதும் அவருக்கு விளங்கியது. அந்தக் கூடத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் எப்போதாவது தட்டும் கையுமாக அவரிடம் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள். தகப்பனுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே ஒரு பெயரை அவர்களுக்கு முன்னால் உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தன்னுடைய இடத்தைப் போகவிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

சுவாம்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். "நான்தான் செய்தேன்," என்று இத்தாலியனில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இவள் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. என் கையால் நான்தான் ஏற்றினேன்."

கடித்த றோல்ஸை விழுங்கலாமா என்று தெரியாமல் சிலர் நின்றார்கள். அகஸ்ரின் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"நான் என்ர பிள்ளைக்கு ஒரு விரற்கடைதான் அண்ணை கேட்டனான்," என்றார்.

"ஓம்," என்றார் சுவாம்பிள்ளை. அகஸ்ரின் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவரோடு இன்னும் இரண்டு மூன்று பேரும் போனார்கள்.

ஏன் செய்தார் என்று மேவ் ஓர்லா மூலம் கேட்டாள். மகளின் குரல் தனக்குக் கேட்கவில்லை, அதனால்தான் என்றார். மேவ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபமா இரக்கமா என்று தெரியவில்லை. ஸ்ரெல்லாவிடம் நீளமாக என்னவோ சொல்லிவிட்டு, அவளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்னவாம்?" என்று கிளறா பதறினாள்.

"தனக்கு முதலே நான்தான் அதைக் கேட்டு விலகினனான் எண்டு மேவ் சொல்லுறா. ஏத்தச் சொல்லிக் கேட்டவள் பின்னுக்குப் போகமாட்டாளாம்." ஸ்ரெல்லா தாயின் பக்கம் திரும்பினாள். "என்னை வச்சிருக்கினமாம் அம்மா. அப்பாவைத்தான் மைக் பக்கம் விடமாட்டினமாம்."

கிளறா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். ஆனால் ஸ்ரெல்லா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அவளுக்கு உள்ளுக்குள் கோபம் மூண்டிருந்தது, அது இப்போதுதான் வெளியே வந்தது.

"ஏன் அப்பா தொட்டனீங்கள்? நான் சொன்னனான்தானே."

"அவங்கள் உன்னை ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன் பிள்ளை."

"என்னை ஒருத்தரும் ஒளிக்கேல்ல." அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "இதில இருங்கோ."

அவர் இருந்தார். ஸ்ரெல்லா மற்ற இரண்டு பேரிடமும் எதையோ சொன்னாள். ஓர்லா புருவத்தை உயர்த்தினாள், மேவ் சரியென்று தலையாட்டினாள். தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் மூன்று பேரும் அவருக்கு முன்னால் நெருக்கமாக நின்று அந்தத் தாலாட்டை மறுபடி தொடங்கினார்கள். மைக் இல்லை, பொக்ஸ் இல்லை, கைக்கெட்டும் தூரம். சுவாம்பிள்ளை பழக்கத்தில் மகளின் குரலைத் தேடினார். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அகப்படவில்லை.

பாட்டின் நடுவில் ஸ்ரெல்லா வாயை மூடிக்கொண்டாள்.

சொல்லிவைத்தபடி மற்ற இரண்டு பேரும் நிறுத்தாமல் பாடினார்கள். மேவ் ஒரு சுரமும் பிசகவில்லை, ஓர்லாவும் பிசகவில்லை. ஆனால் தாலாட்டு போய்விட்டது. மேல்குரல் எங்கோ தனியாகக் கீச்சிட்டது, கீழ்க்குரல் எங்கோ தனியாக முனகியது. இரண்டு அந்நியப் பெண்கள் இரண்டு வெவ்வேறு வீடுகளில் பாடுகிற மாதிரி இருந்தது. இடையில் இவ்வளவு பெரிய வெறுமை இருந்தது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவரால் கையால் தொட்டுக் காட்டியிருக்க முடியும். ஸ்ரெல்லா உதட்டை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருக்குத் தாங்கவில்லை.

"பாடு பிள்ளை," என்றார். "பாடம்மா."

ஸ்ரெல்லா வாயைத் திறந்தாள். இரண்டு குரலும் ஒன்றாகி, தாலாட்டு திரும்பி வந்தது. அதற்குள் எது அவளுடையது என்று மறுபடியும் அவருக்குத் தெரியவில்லை.